ரெண்டுதரத்தின் பூட்டு

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் என் அக்கா வீட்டுக்காரருக்கு ரெண்டுதரம் என்று பெயர். எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் விடமாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மாத்திரை அட்டையில் தேதியைப் படித்துவிட்டு அக்காவையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். இரண்டு பேரும் ஒரே தேதியைச் சொல்லிவிட்டாலும் மனசு ஆறாது. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்பாப் படிச்சிருந்தா?" என்பார். கல்யாணமான புதிதில் அக்கா இதை அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்தில் தெளிந்துவிட்டாள்.

நானும் அவரும் பதினாலு வருஷமாக ஜோடி. லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேராகத்தான் போகவேண்டும். ஒருவர் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு, மற்றவர் கீழே கேபினுக்கு அடியில் இருக்கும் குழிக்கு. மேலே இருப்பவர் மெயின் சுவிட்சை இறக்கி, அதன் கைப்பிடியில் இருக்கும் ஓட்டையில் பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் கீழே இருப்பவர் குழிக்குள் காலை வைக்கலாம். யாரும் தெரியாத்தனமாகச் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கைப்பிடியில் வரிசையாக நாலு ஓட்டை இருக்கும். எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ அத்தனை பூட்டு தொங்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம்.

எங்களுக்கு ஒரே பூட்டுதான். அவருடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் பூட்டையும் மாட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"உன் பூட்டை நம்பி நான் வேலை செய்யணுமா? நாளைக்கு நீ எதையோ யோசிச்சுக்கிட்டு முன்னாடியே கழட்டிட்டுப் போயிடுவ. இருக்கிறது ஒண்ணா இருந்தா கண்ணு அது மேலயே இருக்கும்."

அன்றைக்குப் போன என் பூட்டு கருவிப் பெட்டியின் அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அவருடையதோ பளபளவென்று இருக்கும். வாங்கும்போது அதற்கு இரண்டு சாவி இருந்தது. இரண்டாவது சாவியைக் கம்பெனி வாசலிலேயே வைத்து, எல்லார் கண் முன்னாலும் இடுக்கியில் பிடித்து இரண்டாக ஒடித்துச் சாக்கடையில் போட்டார். இன்னொரு சாவி இருக்கிற பூட்டு பூட்டே இல்லை என்பது அவர் கட்சி.

குழியில் இறங்குவதற்கு முன் நான் போனில், "பூட்டா?" என்று கேட்பேன். "பூட்டு. ரெண்டு தரம்" என்பார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். பதினாலு வருஷமாக இந்த மூன்று வார்த்தையை நம்பித்தான் நான் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒருநாள் காலையில் தலை சுற்றியது.

படுக்கையில் வலது பக்கம் புரண்டிருக்கிறார். அறை மொத்தமும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் கட்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு கருவிப் பெட்டியிலிருந்து, தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வந்து, கட்டிலுக்கு அடியில் நான்கு மூலையிலும் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார். குனிந்ததில் மறுபடியும் சுற்றியது. கட்டடம் கட்டியவன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கீழ்வீட்டில் ஏதோ தூணை இடிக்கிறார்கள் என்று முடிவுகட்டி, பனியனோடு இறங்கிப் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அவர்கள் பாவம், பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சந்தேகம் புதுக் கண்ணாடி மேல். கடைக்காரன் இடது வலது மாற்றிப் போட்டுவிட்டான் என்று கழற்றி வைத்துவிட்டு ஒருநாள் முழுக்க அலைந்தார். கண்ணாடி இல்லாமலும் சுற்றியது. பிறகு தலையணை. பிறகு நாங்கள் போகும் ஒரு கட்டடத்து வாட்ச்மேன் கொடுக்கும் டீ. அந்த ஆள் என்ன கலக்குகிறானோ என்று மூன்று நாள் டீயைத் தொட்டியில் கொட்டினார். கடைசியாக என் அக்கா. "எண்ணெய்யை மாத்தினியா?" என்று கேட்டாராம். இல்லை என்றதும் எண்ணெய் டப்பாவைத் தூக்கி லேபிளைப் படித்தாராம். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டார். தன் தலையை மட்டும் விட்டுவிட்டார்.

டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் டாக்டர் என்றாலே அவருக்கு ஆகாது. "ஒரு வியாதியோட உள்ள போறவன் நாலு வியாதியோட வெளிய வரான். அந்த மூணு எங்கேருந்து வந்துச்சு?" என்பார். அது ஒரு காரணம். நிஜமான காரணம் வேறு. தலைசுற்றல், வலிப்பு என்று டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டால் எங்கள் கம்பெனியில் அந்த ஆளை லிஃப்டுக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். நேரே குடோன்தான். போன வருஷம் எங்கள் மூத்த மெக்கானிக் ஒருவரை அப்படி அனுப்பினார்கள். அந்த மனுஷன் ஆணி நட்டு பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.  இவரோ இருபத்தாறு வருஷமாக மோட்டார் சத்தத்தைக் காதால் கேட்டே எந்த பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று சொல்கிற ஆள். அதை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. அதனால் வாயைத் திறக்காமல் பதினோரு நாள் மென்று முழுங்கினார்.

அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பமாட்டார், உடம்போடு மொத்தமாகத் திரும்புவார். இரண்டிரண்டு படியாக ஏறுகிறவர் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். வேலைக்கு நடுவில் மொட்டை மாடியில் தனியாகப் போய் நின்றுகொண்டார். "என்ன மாமா?" என்றால், "என்ன என்ன?" என்று எரிந்து விழுந்தார். சந்தேகம் ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது. பதினாலு வருஷம் கூட இருந்ததில் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆள் வேறு கம்பெனியோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறார், என்னைக் கழற்றிவிட்டுப் போகப் போகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அக்காவிடமும் சொன்னேன். அவளோ, "அதெல்லாம் இருக்காதுடா. ஆனா ஒரு வாரமா உக்காந்துக்கிட்டே தூங்குறாரு. கேட்டா, படுத்தா கனவு வருதுங்கிறாரு" என்றாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எங்கள் இருவருக்கும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் அந்த டீக்கார வாட்ச்மேன் இருக்கும் கட்டடத்தில் வேலை. எட்டு மாடி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்றாம் நம்பர் லிஃப்டின் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தது, துடைத்துவிட்டு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். கேபினை முதல் மாடியில் நிறுத்திவிட்டுத் தரைத்தளத்தில் 'வேலை நடக்கிறது' பலகையை வைத்தேன். போனை எடுத்தேன்.

"பூட்டா?"

கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் வந்தது. "பூட்டு. ரெண்டு தரம்."

இறங்கினேன். யாரும் தவறி விழுந்துவிடக் கூடாதே என்று மேலே கதவை இழுத்து மூடிக்கொண்டேன். குழிக்குள் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். இறங்கினதும் அதை அழுத்திவிட்டால் என்ன ஆனாலும் லிஃப்ட் நகராது. அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவில்லை. ரெண்டுதரத்தின் பூட்டு இருக்கும்போது இது வேறு எதற்கு என்ற திமிர்.

ஆளுயரம்கூட இல்லாத குழி. குந்தி உட்கார்ந்து துணியால் எண்ணெய்யை ஒற்றிக்கொண்டிருந்தேன். கேபினுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு வயர் வளைந்து தொங்கும். அது என் தோளை உரசியபடி மேலே போனது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வயர் தானாக மேலே போகாது, கேபின் போனால்தான் போகும் என்பது புத்தியில் ஏற ஒரு நிமிஷம் ஆனது. வயர் நின்றது. பிறகு அதே வயர் இறங்கி வர ஆரம்பித்தது.

பொத்தானை எப்படி எட்டினேன் என்று எனக்கே தெரியாது. அழுத்தின கையை எடுக்கவில்லை. இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் கேபின் குலுங்கி நின்றது. உள்ளே யாரோ ஒரு அம்மா, "ஐயோ, யாருப்பா நிறுத்தினது!" என்று கத்தினார்.  

ஏணியில் தொற்றி வெளியே வந்து போன் போட்டேன்.

"மாமா, பூட்டினீங்களா?"

"பூட்டினேன்னு சொன்னேன்ல?"

"லிஃப்ட் ஓடுது மாமா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல்.  "எவன்டா கைவெச்சான்? அந்த வாட்ச்மேனைப் பிடி! ஓடிடப் போறான், பிடிச்சு வை!"

வாட்ச்மேன் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், எனக்கு நீட்டின டீயோடு. அவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டாம் நம்பர் திடீர்னு நின்னுபோச்சு தம்பி. அதான் ஆறாவது மாடி அம்மா இதுல ஏறிட்டாங்க போல" என்றார்.

எட்டு மாடியும் படியில் ஏறினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டு ஏறினேன். மோட்டார் அறையில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுவரில் இரண்டு சுவிட்ச் பெட்டி. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், மேலே 1, 2 என்று பெயின்டில் எழுதியிருக்கும். இரண்டாம் நம்பரின் கைப்பிடி இறங்கியிருந்தது. அதில் அவர் பூட்டு பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றாம் நம்பர் போட்டபடியே இருந்தது.

"பூட்டை எவனோ மாத்தி மாட்டியிருக்கான்" என்றார்.

"சாவி?"

சட்டைப்பையில் கைவிட்டார். சாவி இருந்தது. பூட்டில் போட்டுத் திருகினார். திறந்தது. மூடினார். மறுபடியும் திருகினார். அப்போதும் திறந்தது. சாவியை வெளிச்சத்தில் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தார். இன்னொரு சாவி எந்தச் சாக்கடையில் போனது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அவருடைய புத்தி ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கடைசியில் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"நீ மேல வந்தியா?"

எனக்கு வந்த கோபம் இன்றைக்கு நினைத்தாலும் குறையவில்லை. "குழிக்குள்ள கெடந்தேன் மாமா! உங்க பூட்டை நம்பிக் கெடந்தேன்! இன்னும் அரை நிமிஷம் போயிருந்தா அக்காகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க? வாட்ச்மேன் கொன்னுட்டான்னா?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்காரவில்லை, சரிந்தார் என்றே சொல்லவேண்டும். சுவரில் கையை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பதினோரு நாளும் அப்போதுதான் வெளியே வந்தது. கட்டில், ரசமட்டம், கண்ணாடி, டீ, எல்லாம். இன்றைக்கு நம்பரைப் பார்க்கக் கழுத்தை வலது பக்கம் திருப்பியிருக்கிறார். அறை சுற்றியது. கையில் அகப்பட்ட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றல் நின்று கண்ணைத் திறந்தபோது பிடித்திருந்த கைப்பிடிதான் எதிரில் இருந்தது. இறக்கினார், பூட்டினார், இழுத்துப் பார்த்தார். காற்று வேண்டும் போலிருந்ததால் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மோட்டார் ஓடின சத்தம்கூடக் காதில் விழவில்லை.

"டாக்டரைப் பாருங்க. பாக்குற வரைக்கும் நான் குழிக்குள்ள எறங்கமாட்டேன்" என்றேன்.

"பாத்தா குடோன்டா."

"பாக்கலைன்னா நான் பொணம்."

 ஆறாவது மாடி அம்மாவை வெளியே எடுத்து, இரண்டு லிஃப்டையும் ஓடவிட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்குப் போனோம். அவர் டாக்டரிடம் போகமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சூப்பர்வைசரிடம் நானே போட்டுக்கொடுப்பதா, வேண்டாமா என்று எனக்குள் ஒரே இழுபறி. சொன்னால் அவர் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் யார் உயிரோ போகும். அக்காவிடம் சொன்னால் அழுவாள். சொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்துக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், வாசலில் அவர் நிற்கிறார். தலை சீவி, செருப்பை மாட்டி, தயாராக.

"கெளம்பு" என்றார். "எங்கே?" என்று நான் கேட்கவில்லை. தெருவில் பாதி தூரம் போனதும் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"ரெண்டு தரம் இழுத்தேன்டா. ரெண்டு தரமும் சரியாத்தான் இருந்துச்சு. அதான் என்னைத் தூங்கவிடலை. பத்து தரம் இழுத்திருந்தாலும் சரியாத்தான் இருந்திருக்கும்."

டாக்டர் வீட்டு முன்னறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தையும் கையிலிருக்கும் காகிதத்தையும் ஒவ்வொருத்தராக அளந்துகொண்டே இருந்தார். "அந்தாளு நடந்து போனான், இப்ப தாங்கி வரான் பாரு" என்று என் காதில் சொன்னார். அந்த ஆளுக்குக் காலில் ஊசி போட்டிருந்தது.

டாக்டர் நரைத்த தலையோடு ஒரு அம்மா. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்ததும் இவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இதைக் கடைசியா எப்போ சரிபார்த்தீங்க?"

எனக்கு மானம் போயிற்று. அந்த அம்மா அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு கருவியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். போன மாதத் தேதி, கையெழுத்து, எல்லாம் இருந்தது. இவர் படித்தார். என்னிடம் நீட்டினார், நானும் படித்தேன். பிறகுதான் கையைக் கொடுத்தார். அழுத்தம் சரியாகத்தான் இருந்தது.

கேள்விகள் கேட்டு முடித்தபின் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து வலது பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார் அந்த அம்மா. இவர் என் மணிக்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டார். "விழறேன்டா, விழறேன்டா" என்றார். கட்டிலில்தான் கிடந்தார். அவருடைய கண்மணி இரண்டும் தாமாகவே ஒரு பக்கம் ஓடி ஓடித் திரும்பின. அவர் நடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை, வேறு கம்பெனிக்கும் போகவில்லை. பதினோரு நாள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார்.

"காதுக்குள்ள நம்மளை நேரா நிக்கவைக்கிற ஒரு பாகம் இருக்கு" என்றார் டாக்டர். "உங்க வேலைக்கு ரசமட்டம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதுல இருக்கிற பொடி இடம் மாறியிருக்கு. தலையைத் திருப்பித் திருப்பியே அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம். பெரும்பாலும் சரியாயிடும். ஆனா மூணு வாரத்துக்கு உயரத்துல வேலை கூடாது. திரும்ப வந்து காட்டுங்க, நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

"ரசமட்டம் கெட்டா எப்படித் தெரியும்?" என்று கேட்டார் இவர்.

"வேற ரசமட்டம் வெச்சுத்தான் பாக்கணும்" என்றார் அந்த அம்மா.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சூப்பர்வைசர் மேசையில் அவரே கொண்டுபோய் வைத்தார். வழியில் நாலு தரம் படித்தார். குடோனில் மூன்று வாரம் என்று எழுதினார்கள், மொத்தம் ஏழு வாரம் ஆயிற்று, அதில் நாலு வாரம் காகிதம் மேசை மேசையாகப் போனதற்கு. அந்த ஏழு வாரமும் நான்தான் டாக்டரோடு சேர்ந்து சதி செய்தேன் என்று அவர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. வேறொரு ஆளோடு ஜோடி சேர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். குழியில் இறங்கினதும் முதலில் சிவப்புப் பொத்தானைத்தான் அழுத்தினேன்.

டாக்டர் இரண்டாவது தரமும் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தபின் அவர் திரும்பி வந்த அன்று, அதே எட்டு மாடிக் கட்டடம். நான் வழக்கம்போலக் குழிப் பக்கம் போனேன்.

"எங்க போற? மேல வா" என்றார்.

மோட்டார் அறையில் ஒன்று என்று எழுதியிருந்ததை விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். என்னையும் படிக்கச் சொன்னார். சுவிட்சை இறக்கினார். தன் பூட்டை மாட்டினார். பிறகு கருவிப் பெட்டியைத் திறந்து ஒரு துணிச்சுருளை எடுத்து என் கையில் கொடுத்தார். பிரித்தால் என் பூட்டு. குடோனில் உட்கார்ந்து துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, சாவி வழுக்கிக்கொண்டு போகும்படி செய்திருக்கிறார்.

இரண்டாவது ஓட்டையில் மாட்டிப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் என் பூட்டை இழுத்துப் பார்ப்பார் என்று ஒதுங்கி நின்றேன். அவர் இழுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னோடதை இழுத்துப் பாரு."

"எதுக்கு மாமா? நீங்க பூட்டினதுதானே?"

"அதனாலதான் சொல்றேன். இழு."

இழுத்தேன். அசையவில்லை. அவர் இன்னும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் இழுத்தேன்.